அணையா விளக்கும் இழுபடும் எஞ்சினும்

ஸ்காபுறோவில் மாசி மாதத்து விடியற்காலையில் கார் ஸ்ரார்ட் வருவதில் மூன்று வகை உண்டு. திறப்பைத் திருப்பியதும் வருவது முதல் வகை. எப்படித் திருப்பினாலும் வராதது இரண்டாம் வகை; அதிலும் ஒரு நிம்மதி இருக்கிறது, மனிதன் திரும்பிப் போய்ப் போர்த்துக்கொண்டு படுக்கலாம். மூன்றாம் வகை பாவப்பட்டவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வரும் போலவும் இருக்கும், வராது போலவும் இருக்கும். முதற்பூசைக்கு எழுப்பப்பட்ட பிள்ளை கட்டிலில் புரளுவதுபோல எஞ்சின் “ங்ங்ங்... ஊம். ங்ங்ங்... ஊம்” என்று புரளும். ஒவ்வொரு ஊமுக்கும் இடையில் ஓட்டுபவரின் உயிர் தொண்டைக்கு வந்து போகும்.

றெமிஜியஸின் கார் மூன்றாம் வகை.

றெமிஜியஸ் பாசையூரில் பிறந்தவர். ஐம்பத்து மூன்று வயது. கனடாவுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் அதில் இருபது வருடத்தைக் கார் ஓட்டாமலே கழித்த சாதனையாளர். கோழித்துண்டுகளை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. வீட்டு வாசலில் பஸ் ஏறினால் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடும். ஒரு நாள் முதலாளிமார் எல்லாரையும் கூப்பிட்டு, கேக் வெட்டி, தொழிற்சாலை மிசிசாகாவுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். றெமிஜியஸ் கைதட்டினார். கேக் நல்ல கேக். இரண்டாவது துண்டைத் தின்று முடிக்கும்போதுதான் மிசிசாகா நகரத்தின் மறு அந்தத்தில் இருக்கிறது என்பதும், அவருடைய வேலை தொடங்கும் நேரத்துக்குள் அங்கே போய்ச்சேரும் பஸ் எதுவும் கிடையாது என்பதும் அவருக்கு விளங்கியது.

அப்படித்தான் நாற்பத்தெட்டு வயதில் அவர் கார் பழகினார்.

இந்த மாகாணத்தில் லைசன்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். முதலில் எழுத்துச் சோதனை. பிறகு தெருவில் ஓடிக்காட்டும் சோதனை. அதில் தேறினால் தனியாக ஓடலாம். கடைசியாகப் பெருந்தெருவில் ஒரு சோதனை. நடுப்படியில் ஐந்து வருடத்துக்குமேல் குந்தியிருக்க விடமாட்டார்கள். அதற்குள் கடைசிச் சோதனையில் தேறாதவரை, ஏணியும் பாம்பும் விளையாட்டில்போல, பாம்பு விழுங்கி முதற்கட்டத்தில் கொண்டுபோய்த் துப்பிவிடும். முதற்கட்டத்தில் இருப்பவர் நாலு வருடமாவது ஓடிய அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் ஏற்றாமல் ஓட முடியாது. றெமிஜியஸுக்குத் தெரிந்த ஒரே அனுபவசாலி மனைவியின் தமையன் வின்சன்ற். வின்சன்றுக்கு மார்க்கம் நகரத்தில் தன்னுடைய வேலை இருந்தது. தினமும் விடியமுன் மச்சானின் பக்கத்தில் குந்தியிருந்து மிசிசாகா போய்வர அவரால் முடியாது. முடிந்தாலும், வின்சன்றின் அறிவுரையைத் தினமும் அவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டு போக றெமிஜியஸால் முடியாது. ஆகவே லைசன்ஸ் போனால் வேலை போகும். ஐம்பத்து மூன்று வயதில், கோழியை நேராக அடுக்கத் தெரியும் என்ற தகுதியோடு, வேறு யாரிடம் போய் நிற்பது?

அந்த ஐந்து வருடம் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. கடைசிச் சோதனை வெள்ளிக்கிழமை காலை, ஒஷாவாவுக்கும் அப்பால் ஒரு சின்ன ஊரில். “அங்கை சுகம், தெருவிலை ஒரு சனமும் இல்லை” என்று நம்மவர்கள் எல்லாரும் அங்கே போவதால், அந்தத் தெருவில் நம்முடைய சனம் நிறைய இருக்கும்.

இதற்கு முன் இரண்டு தரம் அவர் தேறவில்லை. முதற்தரம் பெருந்தெருவில் போய்ச் சேருகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு, யாராவது வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டாந்தரம் பெருந்தெருவில் ஏறும்போது பக்தியோடு சிலுவை போட்டார். சிலுவை போட ஒரு கை வேண்டும். பதற்றத்தில் மற்றக் கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த பரிசோதகரும் ஒரு சிலுவை போட்டதாக றெமிஜியஸ் சொல்வார்.

இரண்டாந்தரம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த அன்று மனைவி அருள்மலர் அழவில்லை, ஏசவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்; பிடிவாதக்காரக் கிழவர்களுக்குக் கஞ்சி பருக்கிப் பழகியவர். நேரே மாதா படத்துக்கு முன்னால் போய் முழந்தாளிட்டு, அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார். காரின் டாஷ்போர்டில் ஒரு சாண் உயரத்தில் நிற்கிற அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் விளக்கு ஒன்று ஏற்றப்படும். இவர் லைசன்ஸ் எடுக்குமட்டும் அது இரவு பகலாக அணையாது.

“அண்ணை, சுவிச் வைக்கக்கூடாது,” என்று தமையனுக்குக் கட்டளை போனது. “சுவிச் இருந்தால் இந்த மனிசன் ஒருநாள் நிப்பாட்டிப்போடும்.”

“கார் நிண்டாலும் எரியோணுமோ?”

“பின்னை? கார் நிண்டால் அந்தோனியார் இருட்டுக்கை நிக்கிறதோ?”

வின்சன்ற் ஊரில் படகு எஞ்சின் திருத்தியதில் பேர்போனவர். அந்த எஞ்சினுக்குப் பற்றரி கிடையாது, கயிற்றால் இழுத்து ஸ்ரார்ட் எடுப்பது. ஆகவே பற்றரி விடயத்தில் அவர் எந்த முன்முடிவும் இல்லாத சுத்தமான மனதோடு இறங்கினார். மெழுகுதிரி வடிவில் ஒரு விளக்கு. அது தனியாக நின்றால் பஞ்சம் பிடித்ததுபோல இருக்கிறதென்று, நத்தார் சோடனையில் மிஞ்சிய குட்டிக் குட்டிப் பல்புகளால் சுருவத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வயரில் முடிந்து பற்றரியிலேயே நேராகக் கொடுத்தார்.

“அரசாங்கம் மாறினாலும் இது நூராது, அணையவே அணையாது,” என்றார்.

அந்தக் கிழமையே கார் இழுக்கத் தொடங்கியது.

எங்கள் ஆட்களின் கட்டடம் ஒன்றில் ஒரு கார் இழுத்து இழுத்து ஸ்ரார்ட் வந்தால் அது தனிப்பட்ட விடயம் அல்ல. பார்க்கிங் லொட்டில் பொனற்றைத் திறந்த மறுகணம் ஆட்கள் வந்து சேருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே முறைப்படி நடந்துகொண்டார்கள். முதலில் கண்ணாடிக்குள்ளால் அந்தோனியாரைப் பார்த்துச் சிலுவை போட்டார்கள். பிறகு பொனற்றுக்குள் தலையை விட்டு, “பற்றரிதான்” என்றார்கள்.

பற்றரி மாற்றப்பட்டது. பழையது பல்கனிக்குப் போனது. நாலு நாள் கார் சிங்கம்போல நின்றது. ஐந்தாம் நாள் “ங்ங்ங்... ஊம்.”

கறாச் வைத்திருக்கும் றமேஸ் வந்தான். சைவக்காரன். என்றாலும் அந்தோனியாரைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பி, “எல்லாச் சாமியும் ஒண்டுதானே அண்ணை” என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். ஸ்ராட்டர் மோட்டர் களைத்துவிட்டது என்று அதை மாற்றினான். கார் இழுத்தது. குளிருக்கு எண்ணெய் தடித்துவிட்டது என்று மெல்லிய எண்ணெய் விட்டான். கார் இழுத்தது. பற்றரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, உரஞ்சி, இறுக்கினான். கார் சுத்தமாக இழுத்தது.

“அண்ணை, கார் ஓடேக்கை சார்ஜ் ஏறுது. நிக்கேக்கைதான் குறையுது. எங்கையோ கரன்ற் களவு போகுது,” என்று கடைசியில் அவன் தீர்ப்புச் சொன்னான்.

களவு என்ற சொல் கேட்டதும் லொட் முழுவதும் உசாரானது. டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒருவரை உள்ளே படுக்கவைத்து மூடினார்கள். எரியவில்லை, அவரைத் திறந்துவிடக் கொஞ்சம் நேரம் போனது. ரேடியோவைக் கழற்றினார்கள். கையுறைப் பெட்டியைக் கழற்றினார்கள். டாஷ்போர்டின் கீழ் இருட்டாக இருந்தபடியால் அந்தோனியாரின் ஒளிவட்டத்தை இந்தப் பக்கம் திருப்பி, அந்த வெளிச்சத்தில் வயர் வயராகத் தேடினார்கள். திருடன் அகப்படவில்லை.

“காணாமல்போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார்தானே,” என்றார் பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரி. “அவரிட்டையே கேளுங்கோவன்.”

கேட்டார்கள். ‘எங்கள் காரின் காணாமற்போன கரன்றைக் கண்டுபிடித்துத் தாரும்’ என்று அருள்மலர் செவ்வாய்க்கிழமை நவநாளில் ஒரு தனி மன்றாட்டு வைத்தார். அந்தோனியார் இரவு பகலாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் நின்றார். பதிலின் வெளிச்சம் கண்ணைக் கூசியதால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. திறப்பைத் திருப்பும் போதெல்லாம் விளக்கு மங்கிச் சிவந்து, எஞ்சின் பிடித்ததும் திரும்பப் பளிச்சென்று வரும். கிளடிஸ் அன்ரிதான் அதை முதலில் கவனித்தவர்.

“பாத்தீங்களோ றெமி! நீங்கள் படுற பாட்டைப் பாத்து அவரும் வாடுறார்.”

றெமிஜியஸுக்குக் கண்கலங்கியது.

சோதனை நெருங்க நெருங்க அவர் பாதி மனிதனாகிப் போனார். எஞ்சின் குளிரக்கூடாது என்று வீட்டிலிருந்த நல்ல கம்பளியை எடுத்துப் பொனற்றின் மேல் போர்த்தார். அவர் மெல்லிய போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்தார். தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைக்கு மற்றவர்கள் தேநீர் குடிக்க, இவர் வெளியே ஓடி காரை ஸ்ரார்ட் பண்ணி உறுமவிட்டு வருவார். கடைக்குப் போனால் எஞ்சினை நிறுத்தாமல் அருள்மலரை உள்ளே அனுப்புவார். பாலுக்கு அனுப்பிய மனைவி பாலோடு பாதிக் கடையையும் வாங்கிக்கொண்டு வரும்வரை புகை கக்கியபடி நிற்பார். கனவில்கூட யாரோ ஒரு பெண் தொப்பியும் கிளிப்போர்டுமாக வந்து, “ஸ்ரார்ட் பண்ணுங்கோ” என்பாள். “ங்ங்ங்... ஊம்” என்று தன்னுடைய வாயாலேயே சத்தம் போட்டு விழித்துக்கொள்வார்.

“அப்பா, ப்ளீஸ், ரிலாக்ஸ்,” என்றாள் மகள் றஜிதா. போன வருடம்தான், பதினெட்டு வயதில், முதற்தரத்திலேயே, சூயிங்கம் மென்றுகொண்டு தேறியவள். “கார் ஸ்ரார்ட் வராட்டி ரெஸ்ற் கான்சல், அவ்வளவுதானே.”

அவ்வளவுதான். அதுதான் அவருக்கும் தெரியுமே. பரிசோதகரின் முன்னால் கார் ஸ்ரார்ட் வராவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. இன்னொரு நாள் கேட்பதற்கு அவருக்கு இன்னொரு நாள் இல்லை.

வியாழக்கிழமை விடிய, வேலைக்குப் போக இறங்கி வந்தபோதுதான் அது நடந்தது. இரவு பனி கொட்டியிருந்தது. லொட்டில் கார்கள் எல்லாம் வெள்ளைத் துணி மூடிய கட்டில்கள்போல வரிசையாகப் படுத்திருந்தன. அவருடைய கார் மட்டும் உறைபனி பிடித்த கண்ணாடிக்குள் மஞ்சளாக எரிந்துகொண்டு, திருநாள் இரவுச் சிற்றாலயம்போல நின்றது. தினமும் காண்கிற காட்சிதான். தினமும் அதைக் கண்டு அவருக்கு ஆறுதல் வரும். இன்றைக்கு அவர் இரவு முழுக்கக் கண்மூடாதவர். ஆறுதலுக்குப் பதிலாகப் பொறாமைதான் வந்தது. எல்லாக் காரும் என்னமாக நித்திரை கொள்கிறது! என்னுடையதுதான் என்னைப்போல விடியவிடிய முழித்திருக்கிறது. முழித்திருந்தவனை விடிய எழும்பி ஓடு என்றால் அவன் எப்படி ஓடுவான்? இழுத்து இழுத்துத்தானே...

காலைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்தோனியார் கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்தார். அவர் அந்தோனியாரைப் பார்த்தார்.

“சேசுவே,” என்றார் றெமிஜியஸ். “கள்ளன் நீரோ?”

சொன்னதும் பயந்து மூன்று சிலுவை போட்டார்.

வேலை இடைவேளையில் வின்சன்றுக்குப் போன் போனது. வின்சன்ற் முதலில் அதைத் தன் தொழில்மானத்தின் மேல் விழுந்த அடியாகவே எடுத்தார்.

“என்ரை வயரிங்கிலையோ பிழை சொல்லுறாய்? குட்டிப் பல்பு மச்சான் அது! ஒரு பூச்சி குடிக்கிற கரன்ற்!”

“எத்தினை பூச்சி மச்சான் கட்டினனீ?”

மறுமுனையில் வின்சன்ற் எண்ணத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டார்.

“அது... ஒரு மாலைதான்,” என்றார் வின்சன்ற். “ரெண்டா மடிச்சது.”

பின்னேரம் வீட்டில் வழக்கு வைக்கப்பட்டது. எதிரிப் பக்கத்தில் இரண்டு ஆண்கள். நீதிபதி அருள்மலர், அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“நூர்க்கிறதோ? இண்டைக்கோ? நாளைக்கு ரெஸ்ற்றை வைச்சுக்கொண்டு?”

“இஞ்சாரும், விளக்காலைதான் கார்...”

“நல்லாக் கதையுங்கோ. விளக்காலை! அந்த மனிசன் அந்தக் குளிருக்கை ராப்பகலா உங்களுக்காக நிக்குது. நீங்கள் அவரையே கள்ளன் எண்டுறியள்.”

நான் சொன்னதை இவளுக்கு யார் சொன்னது என்று றெமிஜியஸ் திடுக்கிட்டு வின்சன்றைப் பார்த்தார். வின்சன்ற் கூரையைப் பார்த்தார்.

“அருள், கார் ஸ்ரார்ட் வராட்டி ரெஸ்ற் இல்லை,” றெமிஜியஸின் குரல் உடைந்தது. “ரெஸ்ற் இல்லாட்டி லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாட்டி நான் என்னத்துக்கு? வீட்டிலை குந்தியிருந்து உனக்குக் கறிவேப்பிலை ஆயிறதோ?”

அருள்மலர் குனிந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கோபம் இருந்தால் சப்பாத்து மூலைக்குப் பறக்கும். இன்றைக்கு அதை மெல்ல வைத்தார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் றெமிஜியஸுக்குத் தெரிந்தது.

“நான் சொன்னது சொன்னதுதான்,” என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. “விளக்கு நூரக்கூடாது, அந்தோனியார் காரை விட்டு இறங்கவும்கூடாது. ஆனா எந்தப் பற்றரியிலை எரியோணும் எண்டு நான் சொல்லேல்லை.”

பல்கனியில் பனியோடு பனியாகக் கிடந்த பழைய பற்றரிக்கு அன்று உயிர்த்த ஞாயிறு. வின்சன்ற் அதைத் துடைத்துக்கொண்டு வந்து, லொட்டில் வைத்து, முதலில் அதன் வயரை விளக்கில் கொடுத்து, அது பிடித்ததென்று உறுதியான பிறகுதான் காரின் வயரை எடுத்தார். கோயிலில் பெரிய பாஸ்காத் திரியிலிருந்து மற்றத் திரிக்கு நெருப்பு எடுப்பதுபோல அவ்வளவு பக்குவம். விளக்கு இமைக்கக்கூட இல்லை. கிளடிஸ் அன்ரி ஜன்னலில் நின்று கைதட்டினார். பிறகு காரின் பற்றரிக்கு இரவு முழுக்கச் சார்ஜர் போட்டார்கள். சார்ஜர் ஒன்றுதான் இருந்தது. பழைய பற்றரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் விசுவாசத்தில் ஒரு பகுதி.

வெள்ளிக்கிழமை காலை றெமிஜியஸ் இறங்கி வருமுன்பே வின்சன்ற் காரை ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தார். ஒஷாவா தாண்டிப் போகுமட்டும் றெமிஜியஸ் திறப்பில் கைவைக்கவில்லை. சோதனைச்சாலை லொட்டில் நிறுத்திய பிறகும் எஞ்சினை ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

“நிப்பாட்டு மச்சான். இப்ப பற்றரி ஃபுல். என்னிலை நம்பிக்கை வை.”

“உன்னிலை வைச்சுத்தான் மூண்டு மாசமா இழுபட்டது.”

பரிசோதகர் வந்தார். உயரமான பெண், கிளிப்போர்ட், கனவில் கண்ட அதே தொப்பி. பக்கத்துக் கதவைத் திறந்து ஏறுவதற்குக் காலைத் தூக்கியவர், அப்படியே நின்றார்.

பற்றரி அங்கேதான் இருந்தது. விளக்கின் வயர் கட்டை என்பதால் வின்சன்ற் அதை முன்னிருக்கையின் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, தான் பின்னால் ஏறி வந்திருந்தார். சேர்த்துப் பார்த்தால் நூறு வயதுக்கு மேலான இரண்டு ஆண் மூளைகள், இரண்டு நாளாக விளக்கைப்பற்றியே யோசித்து, பரிசோதகர் என்பவருக்கும் கால் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

இது என்ன என்று அவர் கேட்டார்.

“பற்றரி, மேடம்,” என்றார் றெமிஜியஸ்.

யாருடைய பற்றரி என்று கேட்டார். றெமிஜியஸ் அந்தோனியாரைக் காட்டினார்.

பரிசோதகருடைய முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. கட்டப்படாத பற்றரி ஒன்றும், அதிலிருந்து டாஷ்போர்டுக்குப் போகும் வயரும், எரியும் சுருவமும் உள்ள வாகனத்தில் தான் ஏற முடியாது, அதைச் சோதனைக்குத் தகுதியற்ற வாகனம் என்று எழுதவேண்டியிருக்கும் என்றார். பேனை மூடி கழன்றது. றெமிஜியஸுக்குக் காது அடைத்தது. கோழிப்பெட்டிகள், கேக், ஐந்து வருடம், முதற்கட்டத்துப் பாம்பு எல்லாம் அந்தப் பேனையின் நுனியில் வந்து நின்றன. இங்கிலீஷ் முழுவதும் அவரை விட்டு ஓடிப்போனது.

“மேடம்,” என்றார். “ப்ளீஸ். வன் மினிற். திஸ் மை... லாஸ்ற்.”

பரிசோதகர் பேனையோடு நின்றார். ஒரு நிமிடம் என்றார்.

பின்கதவு திறந்தது. வின்சன்ற் இறங்கினார். வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு வார்த்தை அறிவுரை சொல்லாமல், ஒரு கையில் பற்றரியை அணைத்து, மறு கையால் அந்தோனியாரை ஒட்டுப்பசையோடு பிய்த்து எடுத்தார். விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஒளிவட்டம் சுடர, வயர் தொங்க, அந்தோனியார் பனிக்குள் இறங்கி வின்சன்றின் நெஞ்சோடு நின்றார். சோதனைக்குக் காத்திருந்த சனம் திரும்பிப் பார்த்தது. நம்மவர்கள் நாலைந்து பேர் யோசிக்காமல் சிலுவை போட்டார்கள்.

“நீ போ,” என்றார் வின்சன்ற். “நான் வைச்சிருக்கிறன்.”

பரிசோதகர் ஏறி உட்கார்ந்தார். சிக்னலைப் பார்த்தார், ஹோனைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணச் சொன்னார்.

றெமிஜியஸ் நிறுத்தினார். லொட்டில் அவ்வளவு அமைதி. திறப்பைப் பிடித்தார். திருப்பினார்.

எஞ்சின் உடனே பிடித்துவிட்டது. ஒரு புரளல் இல்லை, ஒரு ஊம் இல்லை. மூன்று மாதமாக இழுத்து இழுத்துப் பழகிய கை அதை நம்பவில்லை. விட்டால் செத்துவிடும் என்று திறப்பை இறுக்கிப் பிடித்தபடியே நின்றது. ஓடும் எஞ்சினில் ஸ்ராட்டர் உரசி, தகரத்தைக் கிழிப்பதுபோல ஓர் அலறல் எழுந்தது. பரிசோதகர் கிளிப்போர்டில் முதற்குறியைப் போட்டார்.

பிறகு நடந்தது எதுவும் றெமிஜியஸுக்குச் சரியாக நினைவில்லை. டாஷ்போர்டில் ஒட்டுப்பசையின் வட்டம் மட்டும் வெறுமையாக இருந்ததும், பார்க்க வேறொன்றும் இல்லாததால் தெருவையே பார்த்ததும் நினைவிருக்கிறது. பெருந்தெருவில் ஏறும் இடம் வந்தது. வலது கை தன்பாட்டில் நெற்றிக்குப் போகப் பார்த்தது. ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த இடத்தில் அதை அமத்தி வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு லொறி மலைபோல வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவர் காலை அழுத்தினார். கார் உள்ளே போய்விட்டது. லொறி பின்னாலேயே வந்தது. ‘இவ்வளவுதானா?’ என்று அவருக்கு அழுகை வந்தது. அதையும் பரிசோதகர் எழுதிவிடுவார் என்று விழுங்கிக்கொண்டார்.

லொட்டுக்குத் திரும்பி வந்தபோது வின்சன்ற் விட்டுப்போன இடத்திலேயே நின்றார். ஜக்கெற் பொத்தானை எல்லாம் திறந்து, பற்றரியைக் குளிர் தாக்காதபடி உள்ளே சேர்ட்டோடு வைத்து, அதன் மேல் ஜக்கெற்றை இழுத்துப் போர்த்திருந்தார். வயிறு பெருத்த மனிதர்போல இருந்தார். உதடு நீலம். வயர் கழுத்தருகால் வெளியே வந்து அந்தோனியாரில் முடிந்தது.

விளக்கு எரியவில்லை.

பரிசோதகர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ராட்டர், கண்ணாடி பார்க்கும் பழக்கம், இன்னும் ஏதோ. றெமிஜியஸ் வெளியே வின்சன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் கடைசி வாக்கியத்தை இரண்டாந்தரம் சொன்னார். அதற்குப் பிறகுதான் அது காதில் விழுந்தது. தேறிவிட்டார்.

பரிசோதகர் இறங்கிப் போனதும் வின்சன்ற் கிட்ட வந்தார். குளிரில் பல்லோடு பல் அடித்தது.

“மச்சான், நான் என்ன செய்ய... சூடா வைச்சுத்தான் பாத்தன். முதல் பல்பு பல்பாப் போச்சுது. பிறகு திரியும்...”

“பாஸ் மச்சான்.”

“என்ன?”

“பாஸ்!”

வின்சன்ற் பற்றரியைப் பனியில் வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தார். பிடித்த பிடியில் இரண்டு பேரும் நடுங்கினார்கள். போன் அடித்தது. அருள்மலர். வின்சன்ற் விரலை உதட்டில் வைத்து, எரியுது எண்டு சொல்லு, எரியுது எண்டு சொல்லு, என்று சைகை காட்டினார். றெமிஜியஸ் காருக்குள் ஏறி உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார்.

“என்னண்டு சொல்லுங்கோ, நெஞ்சு வெடிக்குது!”

“பாஸ், அருள்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது நீண்ட நேரம் போனது.

“விளக்கு?” என்றார் அருள்மலர்.

றெமிஜியஸ் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். வெளியே வின்சன்றின் கைகள் இன்னும் எரியுது, எரியுது என்று ஆடின.

“நூந்து போச்சு,” என்றார்.

வின்சன்ற் தலையில் கைவைத்தார்.

“எப்ப? ரெஸ்ற்றுக்கு முன்னையோ, பிறகோ?”

“தெரியேல்லை அருள். நான் தெருவைப் பாத்துக்கொண்டிருந்தன்.”

எரிந்த நாட்களையும் எரியாத நேரத்தையும் அருள்மலர் மனதுக்குள் வைத்து அந்தோனியாரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது றெமிஜியஸுக்குத் தெரியும். அதற்குள் யாரும் புகுந்து கதைக்க முடியாது. அவர் காத்திருந்தார். ஐந்து வருடம் காத்திருந்தவர்.

“சரி,” என்றார் அருள்மலர். “தெருவைத்தான் பாக்கோணும்.” பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அண்ணையையும் அவரையும் குளிருக்கை நிப்பாட்டி வையாமல் ஏத்திக்கொண்டு கெதியா வாங்கோ. கார் ஸ்ரார்ட் வருமோ?”

“நில்லும்.”

போனை மடியில் வைத்தார். திறப்பைத் திருப்பினார், இந்தமுறை விரலை உடனே எடுத்துவிட்டார். ஒரு ஊமும் இல்லாமல் எஞ்சின் பட்டென்று பிடித்துக்கொண்டது.

மடியிலிருந்து அருள்மலரின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, உது ஆரின்ரை கார்?”